சீனரின் சிங்க முத்திரைக் கற்கள்

நூதனசாலைகளிலே சீனக் கலைப்பொருள்கள் வைக்கப்பட்டிருக்கும் கண்ணாடிப் பேழைகளிலும், பழம்பொருள் விற்போர் கடைகளிலும், விரலளவு உயரமுள்ள சிறிய கற்றூண்களைக் காணலாம். நான்கு பக்கமும் வழுவழுப்பாக இழைக்கப்பட்ட அத்தூணின் உச்சியிலே சிங்கமொன்று படுத்திருக்கும். சுருள் சுருளான பிடரி மயிர், அகன்ற வாய், பிதுங்கிய கண்கள், நெருப்புக் கொழுந்து போல் எழும்பிய வால். மார்போடு ஒட்டியபடி ஒரு குட்டியும் இருப்பதுண்டு. காண்போரின் கண் அச்சிங்கத்திலேயே தங்கிவிடுகின்றது. கல்லைப் புரட்டி அதன் அடியைப் பார்ப்போர் மிகச் சிலரே. ஆயினும் அக்கல் செதுக்கப்பட்டதன் நோக்கம் முழுவதும் அந்த அடிமுகத்திலேதான் அடங்கியிருக்கின்றது. சதுரமான அம்முகத்திலே இடம் வலம் மாறிச் செதுக்கப்பட்ட இரண்டோ நான்கோ எழுத்துகள் இருக்கும். பெரும்பாலும் அது ஒரு மனிதனின் பெயர். அதுவே முத்திரை, சிங்கம் அதன் பிடி.

நாம் கையொப்பம் இடுகின்ற இடத்திலே சீனர் நெடுங்காலம் முத்திரையையே பதித்து வந்தனர். அரசன் ஆணையாயினும், நிலம் விற்ற சாசனமாயினும், நண்பனுக்கு எழுதிய மடலாயினும், தீட்டி முடித்த ஓவியமாயினும் முத்திரை இன்றி நிறைவு பெறுவதில்லை. கி. மு. 221ஆம் ஆண்டிலே சீனா முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த சின் ஷி ஹுவாங் என்னும் பேரரசன், முத்திரையைக் குறித்த ‘சி’ என்னும் பழஞ்சொல்லைத் தனக்கே உரியதாக்கிக் கொண்டான். ஏனையோருடைய முத்திரை ‘யின்’ எனப்பட்டது. கடதாசி இன்னும் வழக்கிற்கு வாராத அக்காலத்திலே மூங்கிற் சலாகைகளிலே எழுதி, அவற்றைக் கயிற்றினாற் கட்டி, முடிச்சின்மேல் ஒரு களிமண் உருண்டையை வைத்து அதிலே முத்திரையை அழுத்தினர். களிமண்ணை உடையாமல் மடலைப் பிரித்தல் இயலாது. முத்திரை என்பது தோற்றத்திலேயே ஒரு காவற்பொருள் என்பதை இது காட்டும்.

பின்னர்ப் பட்டும் கடதாசியும் பெருவழக்கடைந்தபோது களிமண்ணின் இடத்தைச் செம்மை நிறக் குழம்பு பெற்றது. சாதிலிங்கத்தை மிக நுண்ணிய பொடியாக அரைத்து, ஆமணக்கெண்ணெயோடு குழைத்து, மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த செடியின் பஞ்சு போன்ற நாரிலே ஏற்றி அக்குழம்பைச் செய்வர். சாதிலிங்கம் கனிப்பொருளாதலின் அதன் சிவப்பு நூற்றாண்டுகள் கழிந்தும் மங்குவதில்லை. எழுத்துகள் குழிவாக வெட்டப்பட்டிருப்பின் செந்நிறத்தின் நடுவே வெள்ளையாகத் தெரியும். எழுத்துகளை விட்டு அவற்றைச் சூழ்ந்த இடம் வெட்டப்பட்டிருப்பின் வெள்ளையின் நடுவே எழுத்துகள் சிவப்பாகத் தெரியும். இவ்விரண்டு முறையையும் முத்திரைச் சிற்பிகள் இன்றும் கையாளுகின்றனர்.

இனி, பிடியைப் பார்ப்போம். பழைய முத்திரைகள் அளவிலே மிகச் சிறியவை. அவற்றைப் பற்றி அழுத்துவதற்கு மேலே ஒரு குமிழ் வேண்டியிருந்தது. இடுப்பிலே தொங்கவிடுவதற்கு அக்குமிழிலே ஒரு துளையும் வேண்டியிருந்தது. இந்தத் துளையைச் சுற்றியே விலங்குகள் பிறந்தன எனலாம். ஹான் பேரரசின் காலத்திலே எவருக்கு எந்த விலங்கு என்பது முறைப்படி வகுக்கப்பட்டிருந்தது. யப்பானின் ஷிகா என்னும் தீவிலே 1784ஆம் ஆண்டில் ஒரு பொன் முத்திரை மண்ணிலிருந்து கிடைத்தது. அதன் பக்கம் 2.3 சதமமீற்றர், எடை ஏறத்தாழ 108 கிராம், பிடியாக இருப்பது சுருண்ட பாம்பு. கி. பி. 57ஆம் ஆண்டில் ஹான் பேரரசன் அந்நாட்டுச் சிற்றரசன் ஒருவனுக்கு அளித்ததாகச் சீன வரலாறு கூறும் முத்திரை இதுவே என ஆராய்ச்சியாளர் கொள்கின்றனர். சீனாவின் ஷான்சி மாகாணத்திலே 1968ஆம் ஆண்டில் பள்ளிச் சிறுவன் ஒருவன் வழியிலே கண்டெடுத்த வெண்பச்சைக்கல் முத்திரையொன்று ஹான் பேரரசிக்கு உரியது. அதன் பிடி, புலியையொத்த ஒரு கற்பனை விலங்கு. குவாங்சௌ நகரிலே 1983ஆம் ஆண்டில் அகழ்ந்தெடுக்கப்பட்ட நன்யூ மன்னனின் பொன் முத்திரையிலே பிடியாக அமைந்திருப்பது பறவை நாகம். இம்மூன்றிலும் சிங்கம் இல்லை. இருக்க வழியுமில்லை, சீன நாட்டுக் காடுகளிலே சிங்கம் வாழ்ந்ததில்லை.

சிங்கம் சீனாவுக்கு மேற்கிலிருந்து காணிக்கையாக வந்த விருந்தாளி. கி. பி. 87ஆம் ஆண்டளவிலே பார்த்திய நாட்டு மன்னன் ஹான் அரசவைக்குச் சிங்கத்தை அனுப்பினான் எனச் சீன வரலாற்று நூல் குறிக்கின்றது. பட்டுவழி நெடுகப் பயணஞ் செய்து அரண்மனை விலங்குச் சாலையிலே அடைபட்டுக் கிடந்த ஒன்றிரண்டு சிங்கங்களை எத்தனை சிற்பிகள் நேரிற் கண்டிருப்பர்? கண்டவர் சொல்லக் கேட்டோரே கல்லைத் தொட்டனர். ஷாண்டோங் மாகாணத்திலே வூ குடும்பத்தாரின் நினைவாலயத்து முன்றிலில் கி. பி. 147ஆம் ஆண்டிலே இரு கற்சிங்கங்கள் நாட்டப்பட்டன. அவற்றைச் செதுக்கியவன் சுன் சொங் என்பதும், அதற்கான செலவு 40,000 காசு என்பதும் அங்குள்ள கல்வெட்டிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. சிங்கஞ் செய்த சிற்பியின் பெயரை அவ்வளவு மதித்து எழுதி வைத்தவர்கள் பிற்காலத்தில் அருகிவிட்டனர் என்பதைப் பின்னர்க் காண்போம்.

பௌத்தம் பரவிய பின்னர்ச் சிங்கத்தின் நிலை மேலும் உயர்ந்தது. புத்தர் அமர்வது சிம்மாசனம். அவர் உபதேசம் சிம்ம கர்ச்சனை. மஞ்சுஸ்ரீ என்னும் போதிசத்துவரின் வாகனமும் சிங்கமே. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இலங்கைக்கு வந்து ஈராண்டு தங்கிய பாஹியன் என்னும் துறவி இத்தீவைச் சீன மொழியிலே ‘சிங்க நாடு’ என்றே எழுதினார். சிங்களம் என்னும் பெயரின் மொழிபெயர்ப்பு அது. சிங்கத்தை நேரிற் காணாத ஒரு நாட்டவர், சிங்கம் வாழாத மற்றொரு நாட்டைச் சிங்கத்தின் பெயரால் அழைத்தமை விந்தையே.

நாளடைவிலே சீனரின் சிங்கம் காட்டுச் சிங்கத்தினின்றும் விலகித் தனிப் பிறவியாயிற்று. பிடரி மயிர் சங்குச் சுருள்களாயிற்று. முகம் வீட்டு நாயின் முகத்தைச் சற்றே ஒத்தது. மேனாட்டு வணிகர் அதனை நாய் என்றே பெயரிட்டு விற்றனர். சீனரோ அதனை ஒருபோதும் நாய் என்றதில்லை. அரண்மனை வாயிலிலும் கோயில் வாயிலிலும் அது இணையாக அமர்ந்திருக்கும். ஆண் சிங்கத்தின் பாதத்தின்கீழ் ஒரு பந்து. பெண் சிங்கத்தின் பாதத்தின்கீழ் ஒரு குட்டி. பீக்கிங் நகருக்கருகே 1192ஆம் ஆண்டிலே கட்டி முடிக்கப்பட்ட லூகோ பாலத்தின் கைப்பிடித் தூண்களிலே பெரிதும் சிறிதுமாக ஏறத்தாழ ஐந்நூறு சிங்கங்கள் உள்ளன. தாயின் முதுகிலும் வயிற்றின் கீழும் குட்டிகள் ஒளிந்திருப்பதால் அவற்றை எண்ணித் தீராது என்பது அந்நகரத்தாரின் பேச்சு வழக்கு.

வாயிலைக் காக்கும் இச்சிங்கம் முத்திரையின்மேல் ஏறியதற்குக் காவல் மட்டும் காரணமன்று. சொல் விளையாட்டும் ஒரு காரணம். சீன மொழியிலே சிங்கத்தைக் குறிக்கும் ‘ஷி’ என்னும் ஒலியே ஆசானைக் குறிக்கும் சொல்லின் ஒலியுமாகும். அரசவையிலே ‘தாய்ஷி’ எனப்படும் பேராசான் பதவியும் ‘ஷாவ்ஷி’ எனப்படும் இளையாசான் பதவியும் மிக உயர்ந்தவை. ஆகவே பெரிய சிங்கமும் குட்டிச் சிங்கமும் ஒருங்கே இருக்கும் முத்திரை, தந்தையும் மைந்தனும் வழிவழியாக உயர்பதவி பெறுக என்னும் வாழ்த்தாகின்றது. பேரரசனின் அரச முத்திரைகளுக்குப் பறவை நாகம் உரியதாயிருந்தது. சிங்கம் புலவர், அதிகாரிகள், வணிகர் ஆகியோரின் சொந்த முத்திரைகளிலே குடிகொண்டது. பரீட்சை எழுதி உத்தியோகம் பெறுவதே குடும்பத்தின் பெருங்கனவாயிருந்த ஒரு சமுதாயத்திலே, அந்த வாழ்த்துக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இச்சிங்கங்கள் கல்லிலே பெருகியதற்கு வேறொரு மாற்றம் வழிவகுத்தது. முற்காலத்து முத்திரைகள் பொன், வெண்கலம், பச்சைக்கல், யானைத் தந்தம் ஆகியவற்றால் ஆனவை. பச்சைக்கல் இரும்பு உளிக்கும் இளகாதது. வன்மணலைத் தூவி நாட்கணக்காக அராவியே அதனை வெட்டல் வேண்டும். எனவே புலவர் எழுத்தை வரைந்து கொடுப்பார், தொழிலாளி வெட்டுவான். பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் மியன் என்னும் ஓவியர் மென்மையான கல்லொன்றை எடுத்துத் தம் முத்திரையைத் தாமே வெட்டினார் என்பர். அவ்வழக்கைப் பரப்பியவர் மிங் காலத்து அறிஞரான வென் பெங் (1498–1573). அவரும் தொடக்கத்திலே எழுத்தை மட்டும் வரைந்து, தந்தத்திலே வெட்டும் பணியை நான்கிங் நகரத்துக் கைவினைஞன் ஒருவனிடம் ஒப்படைத்து வந்தவரே.

அவர் மனம் மாறிய கதையைச் சௌ லியாங்கோங் (1612–1672) என்பவர் முத்திரைச் சிற்பியரைப் பற்றி எழுதிய நூலிலே சொல்லி வைத்திருக்கின்றார். நான்கிங் நகர வீதியொன்றிலே கிழவன் ஒருவன் கழுதைமேல் இரு கூடை கல்லேற்றித் தானும் இரு கூடை சுமந்து வந்து, கூலி போதாதென்று கடைக்காரனோடு வழக்காடிக் கொண்டிருந்தானாம். அவ்வழியே சென்ற வென் பெங், சச்சரவைத் தீர்த்து நான்கு கூடைக் கல்லையும் தாமே வாங்கிக் கொண்டார். அவை சிங்தியன் என்னும் ஊரிலிருந்து வந்தவை. விளக்கொளியிலே ஊடுருவித் தோன்றும் மென்கற்கள். அதுவரை மாதர் அணிகலன்களுக்கே அவை பயன்பட்டன. அன்று முதல் வென் பெங் தந்தத்தைக் கைவிட்டார் என்று கதை முடிகின்றது. கதை எவ்வளவு உண்மையாயினும் ஆகுக. பேனையைப் பிடித்த கை உளியையும் பிடித்தது என்பது மட்டும் ஐயமற்ற வரலாறு. இக்கற்களைச் செப்புக் காசின் விளிம்பு கொண்டே கீறிவிடலாம். ஒரு சிறிய தட்டை உளி இருந்தாற் போதும். எழுத்தறிந்த எவரும் தம் பெயரைத் தாமே வெட்டிக் கொள்ளலாம். முத்திரை வெட்டுதல் கவிதையோடும் ஓவியத்தோடும் ஒப்ப வைத்தெண்ணப்படும் கலையாயிற்று.

கற்களிலே புகழ்பெற்றவை நான்கு: சிங்தியன் கல், ஷௌஷான் கல், சாங்ஹுவா கல், பாலின் கல். சாங்ஹுவா கல்லிலே சாதிலிங்கம் இயற்கையாகவே படிந்து குருதி சிந்தியது போலத் தோன்றும். அதனைக் ‘கோழிக்குருதிக் கல்’ என்பர். சிங்கச் சிற்பத்திலே தலைசிறந்து நிற்பது பூச்சௌ நகருக்கு வடக்கே கிடைக்கும் ஷௌஷான் கல்லாகும். அங்குள்ள ஓடைக்கரை நெல்வயல்களின் அடியிலே, மலையினின்றும் பெயர்ந்து உருண்டு வந்து சேற்றிலே புதைந்த கற்கள் உண்டு. தேன் போன்ற மஞ்சள் நிறங்கொண்ட இவற்றை ‘வயல் மஞ்சள்’ என்னும் பொருளில் ‘தியன்ஹுவாங்’ என்பர். எடைக்கு எடை பொன்னுக்கும் மேலாக மதிப்பர். ஒரே தியன்ஹுவாங் கல்லிலிருந்து சங்கிலியால் இணைந்த மூன்று முத்திரைகள் சியென்லோங் பேரரசனுக்காக வெட்டப்பட்டன. கடைசி அரசனான பூயி அதனை நாடிழந்து அலைந்த காலமெல்லாம் மறைத்து வைத்திருந்து, 1950ஆம் ஆண்டுக்குப் பின்னர்ச் சிறையில் இருந்தபோதே அரசிடம் ஒப்படைத்தான். இன்று அது பீக்கிங் அரண்மனை நூதனசாலையில் உள்ளது.

சியென்லோங்கிடம் 1,800க்கு மேற்பட்ட முத்திரைகள் இருந்தன. அருமையான பழைய ஓவியங்களிலே வெற்றிடம் கண்ட போதெல்லாம் அவன் அவற்றைப் பதித்து மகிழ்ந்தான். அந்த ஓவியங்களை இன்று பார்ப்போர்க்கு அத்துணை மகிழ்ச்சி உண்டாவதில்லை.

ஷௌஷான் சிற்பி கல்லைக் கையிலெடுத்ததும் முதலில் நோக்குவது அதன் குறையை. எங்கே பிளவு, எங்கே புரை, எங்கே நிறம் மாறுகின்றது என்று பார்த்து, பிளவுள்ள இடத்தைச் சிங்கத்தின் கால்களுக்கிடையே வெட்டியெறிவான். மேற்றோலிலே வேறு நிறம் படிந்திருப்பின் அதனைப் பிடரி மயிராக்குவான் அல்லது குட்டியாக்குவான். இறுதியிலே நுண்ணிய ஊசிக் கோடுகளால் மயிரிழைகளை ஒன்றொன்றாகக் கீறித் தேய்த்து மெருகேற்றுவான். கல் வறண்டு வெடியாதபடி அதற்குத் தேயிலை இனத்து விதையெண்ணெய் பூசுவதும் அவ்வூர் வழக்கம். பதினேழாம் நூற்றாண்டிலே யாங் யூசுவான் என்பவரும், அவருக்குப் பின் சௌ பின் என்பவரும் இத்தொழிலிலே பெரும்புகழ் எய்தினர். சௌ பின் தம் பெயரை விலங்கின் அருகே உள்ள பூவேலைக்குள் மறைத்துப் பொறிப்பார். தேடினாலன்றிக் கிடைக்காது.

இவ்விருவரையும் ஒரு சிலரையும் தவிர்த்தால், சிங்கஞ் செதுக்கிய ஆயிரக்கணக்கானோரின் பெயர் எதுவும் நமக்கு எட்டவில்லை. இதற்குக் காரணம் உண்டு. பழைய முத்திரைகளின் பதிவுகளைத் திரட்டிப் புத்தகமாக்கும் வழக்கம் சீன அறிஞரிடையே இருந்தது. கு சொங்தே என்பவர் 1572ஆம் ஆண்டிலே பண்டை முத்திரைகளைக் கடதாசியிலே நேரிற் பதித்து 20 பிரதிகள் கொண்ட பெருந்தொகுப்பை வெளியிட்டார். அதனைத் தொடர்ந்து எத்தனையோ தொகுப்புகள். அவற்றிலே அடிமுகத்தின் சிவந்த பதிவு இருக்கும். எழுத்தை வெட்டியவர் கல்லின் பக்கத்திலே பொறித்த பெயரும் ஆண்டும் மைப்படியாக இருக்கும். சிங்கம் இராது. பிடி என்பது தொழிலாளியின் கைவேலை, எழுத்தே அறிஞரின் கலை என்று அவர்கள் எண்ணினர். சுன் சொங்கின் பெயரைக் கல்லிலே எழுதிய நாட்டுக்கு இந்த எண்ணம் பெருமை தருவதன்று.

வணிகர் கையிலே இந்த அநீதி தலைகீழாயிற்று. அறிஞர் சிங்கத்தைப் புறக்கணித்தனர். வணிகரோ எழுத்தைப் புறக்கணித்தனர். நல்ல கல் விலையுயர்ந்தது. உரியவர் இறந்தபின் அவர் பெயரால் அடுத்தவர்க்குப் பயன் யாது? புதிதாக வாங்கியவர் அடிமுகத்தைத் தேய்கல்லிலே தேய்த்துப் பழைய பெயரை அழித்துத் தம் பெயரை வெட்டுவித்தார். இவ்வாறு கைமாறுந்தோறும் கல் சிறிது குள்ளமாயிற்று; சிங்கம் சிறிது தாழ இறங்கிற்று. ஒருவரின் இயற்பெயருக்கு ஒன்றும், பருவமடைந்தபின் வழங்கும் மறுபெயருக்கு ஒன்றுமாக ஒரே கல்லிலே வெட்டி, ஒன்றையொன்று நோக்கும் சிங்கங்களோடு இணையாகச் செய்த முத்திரைகளும் தனித்தனியே விலைபோயின. பிற நாட்டவர் வாங்கத் தொடங்கியபின் எழுத்துக்குச் சற்றும் மதிப்பில்லாது போயிற்று. அவர்களுக்கு வேண்டியது மேசையழகுக்கு ஒரு சிங்கம். சாதாரண மாக்கல்லிலே விரைவாக வெட்டி, அடியிலே பொருளற்ற கோடுகளைக் கீறி விற்றாலும் வாங்கினர்.

எழுத்து அழிந்தால் என்ன நட்டம் என்று கேட்போர்க்கு அயர்லாந்தில் நிகழ்ந்ததைச் சொல்லலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் அந்நாட்டு வயல்களிலும் தோட்டங்களிலும் மண்ணைக் கிளறியபோது, மேலே சிறு விலங்கொன்று அமர்ந்திருக்கும் கனசதுரப் பொருள்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக அகப்பட்டன. இவை கல்லல்ல, வெண்பீங்கான். ஆயினும் அமைப்பு அதே அமைப்பு. விலங்கைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் அறிய முடியவில்லை. எட்மண்ட் கெற்றி என்பவர் அடிமுகப் பதிவுகளைச் சீனாவுக்கு அனுப்பி, அங்குள்ள அறிஞரைக் கொண்டு வாசிப்பித்து, 1850ஆம் ஆண்டிலே ஒரு நூலாக வெளியிட்டார். அவை எவ்வாறு அயர்லாந்து சேர்ந்தன என்பது வேறு விடயம். இன்ன மொழி, இன்ன நாடு, இன்ன வழக்கம் என்று நிலைநாட்டியது அந்த எழுத்துகளே.

மறுபுறத்திலே, பிடி இழந்த பெயரும் ஊமைப் பெயரே. 1968ஆம் ஆண்டிலே கிடைத்த பேரரசியின் முத்திரை யாருக்குரியது என்பதை நான்கு எழுத்துகள் கூறின. அவ்வெழுத்துகள் பொய்யல்ல என்பதற்கு அவள் பதவிக்கு உரிய விலங்கும் கல்லும் சான்றாயின. முழுக் கல் ஒன்றே முழுச் சான்று. இதனை உணர்ந்த முத்திரைச் சிற்பியர் சிலர் 1904ஆம் ஆண்டிலே ஹாங்சௌ நகரத்தின் மேற்கு ஏரிக்கரையில் ஷிலிங் முத்திரைக் கழகத்தை நிறுவினர். கல்லையும் எழுத்தையும் ஒருங்கே பேணும் அக்கழகம் இன்றும் நடைபெறுகின்றது. சீன முத்திரைக் கலை 2009ஆம் ஆண்டிலே யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது.

இத்தகைய கல்லொன்று கைக்கு வருமாயின் அதனை நோக்கும் முறை கடினமன்று. முதலிலே புரட்டி அடிமுகத்தைப் பார்த்தல் வேண்டும். எழுத்தின் பள்ளங்களிலே உலர்ந்த செங்குழம்பு படிந்திருக்கின்றதா, விளிம்பிலே சிறு சிதைவுகள் உண்டா என்று நோக்கலாம். பக்கத்திலே பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருப்பின் அவை அடிமுகத்தோடு பொருந்துகின்றனவா என்று அறிந்தவரிடம் கேட்கலாம். புகழ்பெற்ற பெயர்களைப் புதுக் கல்லிலே பொய்யாகப் பொறித்து விற்பது பழைய தந்திரம். பிசினும் கற்பொடியும் சேர்த்து அச்சிலே வார்த்த போலிகளும் இன்று சந்தையிலே மிகுதி. அவற்றிலே சிங்கத்தின் மயிரிழைகள் எங்கும் ஒரே சீராக இருக்கும். உளியின் கூர்மை தெரியாது.

அதன் பின்னரே சிங்கத்தைப் பார்க்கலாம். முதுகின் மயிர்க்கோடுகள் மழுங்கி, வயிற்றின் கீழும் கால்களின் இடையிலும் அதே கோடுகள் கூர்மையாக நிற்பின், பல்லாண்டு காலம் ஒருவரின் விரல்கள் அதன்மேல் அழுந்தி வந்தன என்பது தெளிவு. குட்டியின் மூக்கு தேய்ந்திருக்கும். துளையின் உள்விளிம்பிலே கயிறு உராய்ந்த வழுவழுப்பு இருக்கும். இவ்வளவும் பொருந்திய சிங்கங்கள் பலவற்றிலே அடிமுகம் மட்டும் கண்ணாடி போல் வெறுமையாக இருக்கின்றது. அம்முதுகை நாள்தோறும் பற்றிய மனிதரின் பெயரைத் தேய்கல் கொண்டு போய்விட்டது.